மாப்பிள்ளை மீன் குட்டி போட்ட வருசம்

ரப்பர் மரத்தில் மீன் வளர்த்தவள் நான். சொன்னால் என் பிள்ளைகள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துச் சிரிக்கிறார்கள். லயத்தில் என்னோடு வளர்ந்த நீங்கள் சிரிக்க மாட்டீர்கள். மலைத் தண்ணீர் கொட்டுகிற பீலியில் வரிசை பிடித்துக் குளித்தவர்கள், ரப்பர் பால் பிடிக்கிற சிரட்டையைச் சட்டியாக்கி மண் சோறு ஆக்கி விளையாடியவர்கள் நீங்கள். இப்போது நமக்கெல்லாம் ஊசியில் நூல் கோக்கக் கண்ணாடி வேண்டியிருக்கிறது. அதற்குள் இதை எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். ஏழாம் வகுப்போடு நின்றவள். இதையும் எழுதலாமா, யாராவது வருத்தப்படுவார்களா என்று மூன்று நாள் யோசித்துவிட்டுத்தான் பேனாவை எடுத்தேன். என் சுபாவம் உங்களுக்குத் தெரியும்.

எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. தெஹியோவிட்டவுக்கு மேலே, பஸ் திரும்புகிற இடத்திலிருந்து ஒரு மணி நேரம் ஏறினால் எங்கள் லயத்து வரிசை வீடுகள். அம்மா ரப்பர் மரத்தில் பால் வெட்டினார். அப்பாவுக்கு ரப்பர் ஸ்டோரில், ஷீட்டைப் புகையில் உலர்த்துகிற புகைக்கூடத்து வேலை. அந்த மாசியில் எனக்கு ஒரு காய்ச்சல் வந்தது. விடும், திரும்ப வரும். கடைசியில் பெரியாஸ்பத்திரியில் பதினேழு நாள் கிடந்தேன். எனக்கு நினைவில்லாத ஒரு நாளில், வார்டு வாசலில் நின்று அப்பா நேர்ந்துகொண்டாராம்: "எம் புள்ள தன் காலால நடந்து வீட்டுக்கு வந்தா, இந்த வருசம் பூக்குழி எறங்குறேன் தாயே."

எங்கள் தோட்டத்து மாரியம்மன் திருவிழா சித்திரையில். பூக்குழி என்றால் பூவா? ரப்பர் விறகை எரித்து, நெருப்பைப் பரப்பி, அதன் மேல் நடக்க வேண்டும். நான் பிழைத்தேன் என்று எல்லாரும் சந்தோசப்பட்டார்கள். எனக்கு மட்டும், ஐயோ, என் காய்ச்சலுக்காக அப்பா கால் வேகப் போகிறதே என்றிருந்தது.

ஆஸ்பத்திரியில் துண்டு வெட்டி அனுப்பி, வீட்டுக்கு வந்த நாளில்தான் மீன் வந்தது. பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு சிங்கள ஆள் சைக்கிள் ஹேண்டில் நிறையப் பொலித்தீன் பைகளைத் தொங்கவிட்டிருந்தார். ஒவ்வொரு பையிலும் தண்ணீர், தண்ணீருக்குள் மீன். நான் நின்றுவிட்டேன். பதினேழு நாளாக வெள்ளைச் சுவரையே பார்த்த கண்ணுக்கு அந்த நிறங்கள் எப்படி இருந்திருக்கும், நினைத்துப் பாருங்கள். அப்பா ஒரு பை வாங்கினார். அதில் இரண்டு கப்பி மீன். ஒன்றுக்கு மயிலிறகு மாதிரி வால், உடம்பில் செம்மஞ்சள் பொட்டு. மற்றது சாம்பல் நிறத்தில், பருத்து, ஒரு அழகும் இல்லாமல் இருந்தது.

"மேக்க லஸ்ஸன நேனே," என்று சாம்பலைக் காட்டி அப்பா குறைப்பட்டார். அழகில்லாததைத் தலையில் கட்டுகிறான் என்று அவருக்குச் சந்தேகம்.

"ஜோடுவக், மாத்தயா, ஜோடுவக்!" என்று அந்த ஆள் இரண்டு விரலைச் சேர்த்துக் காட்டினார். ஜோடியாம்.

அப்பாவுக்கு உடனே விளங்கிவிட்டது. பஸ்ஸில் எனக்கு விளக்கினார். "அலங்காரமா இருக்கிறது பொண்ணு. அந்தக் கருவாடு மாதிரி இருக்கிறது மாப்பிள்ளை. நம்ம கல்யாண வீட்டுல பாக்கலியா? மாப்பிள்ளைய யாரு பாக்குறா?"

அப்படித்தான் அந்த மீன்களுக்கு எங்கள் வீட்டில் பொண்ணு, மாப்பிள்ளை என்று பெயர் வந்தது.

பஸ் திரும்புகிற இடத்துத் தேத்தண்ணிக் கடையில், பனிஸ் அடுக்குகிற கண்ணாடிப் பெட்டி ஒன்று மூடி உடைந்து மூலையில் கிடந்தது. கடைக்காரர் அதை அப்பாவுக்குக் கொடுத்தார். அதன் மூலைகளை அப்பா எதை வைத்து அடைத்தார் தெரியுமா? ரப்பர் பாலை வைத்து! நம் தோட்டத்தில் செருப்பு அறுந்தாலும் பால், வாளி ஓட்டையானாலும் பால், குடை கிழிந்தாலும் பால்தானே. மறுநாள் காலையில் பெட்டித் தண்ணீர் அரிசி களைந்த தண்ணீர் மாதிரி இருந்தது, நாற்றம் வேறு. மாப்பிள்ளையும் பொண்ணும் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டிருந்தன. நான் போட்ட கூச்சலில் லயமே கூடிவிட்டது. மீன் இரண்டும் டொபி மிட்டாய்ப் போத்தலுக்கு மாறின. அப்பா பாலையெல்லாம் சுரண்டி எடுத்து, ஜன்னல் கண்ணாடிக்குப் பூசுகிற புட்டி வாங்கி வந்து பூசி, ஒரு கிழமை ஊறப் போட்டார். பிறகுதான் அது மீன் பெட்டியானது. காலையில் கதவைத் திறந்தால் வெளிச்சம் நேராக அதற்குள் போகும். எங்கள் ஒற்றை அறைக் காம்பராவில் வெளிச்சம் போய் உட்கார்கிற மாதிரி வேறு பொருள் எதுவும் இருந்ததில்லை.

அந்த மாதம் எனக்கு அந்தப் பெட்டிதான் துணை. ஒரு தவணை போய்விட்டது என்று பள்ளிக்கூடத்தில் திரும்பவும் ஆறாம் வகுப்பில் உட்காரச் சொன்னார்கள். என்னைவிட ஒரு சாண் குட்டையான பிள்ளைகளோடு உட்கார்ந்து, வீட்டுக்கு வந்து மீனிடம்தான் முறையிடுவேன். அம்மா, "பேசுறதுக்கு வேற ஆளு கெடைக்கலியா?" என்று கிண்டல் செய்வார். ஆனால் பால் வெட்டிவிட்டு வரும்போது, மழைத் தண்ணீர் தேங்கிய சிரட்டை ஒன்றைச் சிந்தாமல் கையில் பிடித்துக்கொண்டு வருவார். அதில் கொசுப் புழு நெளியும். "இந்தா, ஒஞ் சம்பந்திமாருக்கு விருந்து," என்று கொடுப்பார். ஸ்டோருக்குப் பாலைத் தூக்கிப் போய்விட்டு, அவ்வளவு தூரம் அதைத் தனியாகக் கொண்டுவருவது எவ்வளவு சிரமம் என்று அன்று நான் யோசித்ததே இல்லை.

பொண்ணு முட்டை போடும் என்று எல்லாரும் காத்திருந்தோம். கோழிக்கு வைக்கோல் போடுகிற மாதிரி அம்மா ஒரு மூலையில் தேங்காய்த் தும்பு போட்டு வைத்தார். பொண்ணு முட்டையும் போடவில்லை, சதையும் பிடிக்கவில்லை. மாப்பிள்ளைக்குத்தான் நாளுக்கு நாள் வயிறு வைத்தது. வாலுக்கு முன்னால் கறுப்பாக ஒரு பொட்டு வேறு.

"நம்ம கங்காணியாரு மாதிரி மாப்பிள்ளைக்குத் தொப்ப போட்டிருச்சு," என்றார் அம்மா.

"எம் புள்ள கவனிப்பு அப்பிடி," என்றார் அப்பா.

சித்திரை பிறந்தது. கோயிலில் காப்புக் கட்டினார்கள். அப்பா மஞ்சள் வேட்டியோடு கோயில் மண்டபத்துக்குப் போய்விட்டார். பூக்குழி இறங்குகிறவர்கள் அங்கேதான் படுக்க வேண்டும், ஒருவேளைச் சோறுதான். லயம் முழுக்கச் சட்டி பானையைச் சாம்பல் போட்டுத் தேய்த்து மஞ்சள் தண்ணீர் தெளித்தார்கள். மஞ்சள் நீராட்டு முடிகிற வரைக்கும் எந்த வீட்டிலும் கவிச்சி வாடையே இருக்கக் கூடாது. முட்டை ஓடு கூடக் கூடாது.

பக்கத்துக் காம்பராப் பெரியம்மா எங்கள் வாசலில் நின்று எட்டிப் பார்த்தார். "அடியாத்தே! புருசன் பூக்குழி எறங்குறான், வீட்டுக்குள்ள மீனா?"

"அது கறி மீனா பெரியம்மா? கண்ணால பாக்குற மீனு," என்று நான் அழப் போனேன்.

"மீனுன்னா மீனுதான்டி. கண்ணால பாத்தா என்னா, வாயால தின்னா என்னா?"

விசயம் பூசாரி வரைக்கும் போனது. அவர் வந்து, வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, பெட்டியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "சட்டியில கெடந்தா கவிச்சி. தண்ணியில நீந்துனா அதுவும் நம்மளாட்டம் ஒரு சீவன். இருக்கட்டும்," என்றார். எனக்கு உயிர் வந்தது. போகிற போக்கில் திரும்பி, என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டி, "ஆனா பாப்பா, இதுக கிட்டச் சொல்லி வையி. காப்பு அவுக்கிற வரைக்கும் செத்தாலும் தீட்டு, பெத்தாலும் தீட்டு!" என்றார். வாசலில் நின்ற எல்லாரும் சிரித்தார்கள். நான் மட்டும் சிரிக்கவில்லை.

பெரியவர்கள் ஒரு வார்த்தையை விளையாட்டாகப் போட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். என்னை மாதிரிப் பிள்ளைகள் அதை எடுத்து மடியில் முடிந்துகொள்கின்றன.

காப்புக் கட்டிய ஐந்தாம் நாள் காலை. பள்ளிக்கூடம் லீவு. அம்மா பால் வெட்ட மலைக்குப் போயிருந்தார். பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து சோற்றுப் பருக்கையை நசுக்கிக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளை ஒரு மூலையில் நின்று உடம்பை ஒரு தரம் உதறியது. பின்னாலிருந்து சுருண்ட ஒரு துளி விழுந்தது. அது அடிக்குப் போகும் முன்னே நிமிர்ந்து நீந்தியது! ஊசி முனை அளவு. இரண்டு கண்ணும் ஒரு வாலும்தான். முட்டை இல்லை, குஞ்சு பொரிக்கவில்லை, நேராகக் குட்டி. அதுவும் பொண்ணு இல்லை, மாப்பிள்ளை!

அந்த அதிசயத்தை அனுபவிக்க எனக்கு எத்தனை நொடி கிடைத்திருக்கும்? அலங்காரப் பொண்ணு ஓடி வந்து, முதல் குட்டியை ஒரே வாயில் விழுங்கிவிட்டது. அடுத்ததை, பெற்ற மாப்பிள்ளையே திரும்பி விழுங்கியது. பெத்தாலும் தீட்டு, செத்தாலும் தீட்டு. என் வீட்டில் ஒரே நிமிசத்தில் இரண்டும் நடந்துவிட்டது. இன்னும் நான்கு நாளில் அப்பா நெருப்பில் இறங்க வேண்டும்.

ஒரு சின்னச் சிரட்டையால் குட்டிகளை அள்ளினேன். பாசிக்குள்ளும் தும்புக்குள்ளும் ஒளிந்திருந்தவற்றையும் சேர்த்துப் பதினொன்று. வீட்டுக்குள் இருந்தால்தானே வீட்டுத் தீட்டு? லயத்துக்குப் பின்னால் அம்மா பால் வெட்டுகிற மலை தொடங்குகிறது. முதல் வரிசையில் மூன்று மரம் பால் வற்றிப்போனவை. அவற்றில் கத்தி படுவதில்லை. ஆனால் கம்பியில் கட்டிய சிரட்டை அப்படியே இருந்தது, சித்திரை மழைத் தண்ணீர் நிறைய. ஒன்றில் நான்கு, ஒன்றில் நான்கு, ஒன்றில் மூன்று என்று ஊற்றினேன். பிறகு பீலிக்கு ஓடி, உடுத்த துணியோடு தலை முழுகினேன். வீடு முழுக்க மஞ்சள் கரைத்துத் தெளித்தேன்.

அம்மா வந்ததும் மூக்கை உறிஞ்சினார். "என்னாடி, மஞ்சக் கடைக்குள்ள வந்த மாதிரி இருக்கு?"

"காப்புல்ல," என்றேன்.

அம்மா பெட்டியைப் பார்த்தார். "மாப்பிள்ளைக்கு எங்க தொப்பய காணோம்?"

"அதுவும் வெரதம்மா."

அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு நான் அந்த மரங்கள் பக்கமே போகவில்லை. தீட்டைத் தொட்டுவிட்டு வீட்டுக்குள் வரக் கூடாதே. பீலிக்குப் போகும்போது தூரத்திலிருந்து பார்ப்பேன். மழைத் தண்ணீர் தேங்கிய சிரட்டையைக் கவிழ்த்துவிட வேண்டும் என்பது தோட்டத்துச் சட்டம். இல்லாவிட்டால் வேலையை மேற்பார்க்கிற கங்காணி ஏசுவார். ஆனால் அந்த மூன்று சிரட்டையும் ஒரு நாளும் கவிழவில்லை. மாரியாத்தா காப்பாற்றுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். உடனே, குட்டியைக் காப்பாற்றிவிட்டு அப்பா காலைச் சுட்டுவிடுவாளோ என்றும் நினைப்பேன்.

மண்டபத்துக்குச் சோறு கொண்டுபோகும்போதெல்லாம் அப்பாவின் காலைத்தான் பார்ப்பேன். புகைக்கூடத்துச் சூட்டுத் தரையில் நடந்து வெடித்த பாதம். கோயிலுக்குப் பக்கத்தில் விறகுக் குவியல் நாளுக்கு நாள் உயர்ந்தது. எனக்குச் சோறு இறங்கவில்லை. திரும்பக் காய்ச்சல் வந்துவிட்டதோ என்று அம்மா நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்.

பூக்குழி அன்று காலை, தேசிக்காய் பிழிந்த தண்ணீர் கொண்டுபோனேன். அப்பா மண்டபத்துத் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். செம்பை நீட்டினேன். கை செம்பை விடவில்லை. அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். மாப்பிள்ளை பெற்றது, பொண்ணு தின்றது, மரத்தில் விட்டது, எல்லாம்.

 அப்பா முகத்தில் ஒரு சின்னப் பயம் ஓடியதை நான் பார்த்தேன். ஆமாம், அவரும் என்னை மாதிரித்தான். எனக்கு இந்தச் சுபாவம் எங்கிருந்து வந்தது என்று நினைக்கிறீர்கள்? பிறகு மெதுவாகக் கேட்டார்.

"மாப்பிள்ளையா பெத்துச்சு?"

"ஆமாப்பா."

"அப்ப அந்த சைக்கிள்காரனுக்கிட்ட நாந்தான் தப்பா வெளங்கிக்கிட்டேன்," என்று தலையைச் சொறிந்தார். பிறகு என் கையிலிருந்து செம்பை எடுத்து வைத்துவிட்டுச் சொன்னார்: "ஆத்தா, மறச்சாத்தான் சுடும். நீ சொல்லிட்டல்ல? இனிச் சுடாது. போயி ரெண்டு வாயி சோறு தின்னு."

பொழுது சாயும் நேரத்தில் பூக்குழி. தப்பு அடிக்கிற அடியில் நெஞ்சு அதிர்ந்தது. வேப்பிலையைக் கையில் பிடித்துக்கொண்டு ஆறு பேர் நின்றார்கள். மூன்றாவது அப்பா. நான் அம்மாவின் முந்தானைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். "பாருடி, பாரு!" என்று அம்மா என் தாடையைப் பிடித்துத் திருப்பினார். அப்பா ஓடவில்லை. நடந்தார். கடைசி அடி வைத்து, பசும்பால் ஊற்றிய குழியில் இறங்கி நின்று, கூட்டத்துக்குள் என்னைத் தேடினார். பார்த்ததும் சிரித்தார். சுடவில்லை!

மறுநாள் அப்பா சப்பாத்துப் போட்டிருந்தார். நீங்கள் யாராவது என் அப்பாவைச் சப்பாத்தோடு பார்த்திருக்கிறீர்களா? காவல்கார வாச்சரிடம் இரவல் வாங்கிய கென்வஸ் சப்பாத்து, அதற்குள் கணுக்காலை மூடுகிற மேஸ் உறை வேறு.

"காலக் காட்டுங்கப்பா," என்றேன்.

"காட்டக் கூடாது ஆத்தா. பூக்குழி எறங்குனவங்க மூணு நாளைக்குப் பாதத்த யாருக்கும் காட்டக் கூடாது. மாரியாத்தா கட்டள."

நான்காம் நாளும் சப்பாத்து. "மூணு நாளு முடிஞ்சிருச்சே?"

"மூணா சொன்னேன்? ஒம்பது!"

நான் நம்பினேன். மஞ்சள் நீராட்டு முடிந்ததும், அப்பா சப்பாத்துக் காலோடு மெள்ள மெள்ள என்னுடன் வந்து மூன்று சிரட்டையையும் அவிழ்த்துக் கொடுத்தார். ஏழு குட்டி உயிரோடு இருந்தன. பெட்டியில் ஒரு சீத்தைத் துணித் துண்டைத் திரைச்சீலையாகக் கட்டி, பெரியவை ஒரு பக்கம், சின்னவை ஒரு பக்கம் விட்டோம். ஆடிக்குள் லயத்தில் எங்கள் மீன் இல்லாத காம்பரா இல்லை. ஜாம் போத்தல், ஹோலிக்ஸ் போத்தல், எல்லாவற்றிலும் கப்பி. அந்தப் பெரியம்மா வீட்டிலும்தான். அடுத்த வருசம் நான் பள்ளிக்கூடத்தை விட்டேன். கண்ணாடிப் பெட்டி எந்த வருசம் உடைந்தது என்று நினைவில்லை. அதன் ஒரு பக்கத்துக் கண்ணாடி கொஞ்ச காலம் எங்கள் சாமிப் படத்துக்கு முன்னால் இருந்தது.

இவ்வளவுதான் கதை என்று இத்தனை வருசமாக நினைத்திருந்தேன். அப்பாவும் போய்ச் சேர்ந்துவிட்டார்.

போன சித்திரையில், நான் வாழ்க்கைப்பட்ட குருவிட்டப் பக்கத்துத் தோட்டத்தில் திருவிழா. என் கொழுந்தனார் பூக்குழி இறங்கினார். மறுநாள் படியில் காலை நீட்டி உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். நான் பதறிப்போய், "பாதத்த மூடுங்க தம்பி! ஒம்பது நாளைக்குக் காட்டக் கூடாது," என்றேன்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். "இது எந்தத் தோட்டத்துச் சட்டம் அண்ணி?" என்று கொழுந்தனார் சிரித்தார். எங்கள் தோட்டத்து வழக்கம் என்று சண்டை பிடித்தேன். அங்கே வயதில் மூத்த ஒருவர், எழுபது வருசமாகப் பார்க்கிறேன், சபரகமுவ மாகாணத்தில் எங்கேயும் அப்படி ஒரு வழக்கம் கிடையாது என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமையே அம்மாவைப் பார்க்கப் போனேன். அம்மா வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். கேட்டேன்.

"ஒங்கப்பா காலுலயா? மூணு கொப்புளம். ஒன்னு ரூவாக் காசளவு," என்றார் அம்மா, கீரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "நீ தூங்குனதுக்குப் பொறகு நாந்தான் மருந்து போட்டுக் கட்டுவேன். சுடாதுன்னு புள்ளைக்கி வாக்குக் குடுத்துட்டேன், கொப்புளத்தப் பாத்தா திரும்பக் காச்ச வந்துரும்னு சொன்னாரு. அந்தக் காலோடதான் ஸ்டோருக்குப் போனாரு."

நானும் ஒரு பிடி கீரையை எடுத்து மடியில் போட்டுக்கொண்டேன். "அப்ப மீன் விசயம் ஒங்களுக்கு..." என்று இழுத்தேன்.

"மீனு வெரதம் இருக்குன்னு சொன்னா நம்புறதுக்கு நான் என்னா மடச்சியா? மறுநாளு மொத மரத்துலயே பாத்துட்டேன்."

"சிரட்டய கவுக்காம இருந்தது..."

"பின்ன யாரு? மாரியாத்தாளா வந்து காவலிருந்தா? கங்காணிக்கிட்ட தெனமும் வாங்கிக் கட்டிக்கிட்டது நானு. கொசு வளக்கிறியா தாயின்னு கேட்டாரு. காப்பு அவுக்கட்டும், கவுத்துர்றேன்னு சொன்னேன்." அம்மா ஒரு முற்றிய தண்டை ஒடித்துத் தூரப் போட்டார். "கவுக்காம விட்டா மட்டும் போதுமா? தெனமும் ரெண்டு பருக்கைய நசுக்கி, முந்தானையில முடிஞ்சு கொண்டுபோயிப் போட்டேன். இல்லாட்டி அத்தன நாளும் அதுக என்னத்தத் தின்னுச்சுன்னு நெனச்ச?"

தீட்டுக்கு, நெருப்புக்கு, காய்ச்சலுக்கு, கங்காணிக்கு, எல்லாவற்றுக்கும் நான் கவலைப்பட்டேன். அந்தக் குட்டிகள் எதைத் தின்னும் என்று மட்டும் ஒரு நாளும் கவலைப்பட்டதில்லை.